படிக்கலைன்னா என்ன ஆகும், டீச்சர்?

நான்கு விடைகள் கொடுத்திருந்தார்கள். டீச்சர் இரண்டாவதை ‘டிக்’ அடித்தார். தப்பு.

கேள்வி இதுதான்: ‘அன்லெஸ் ஹி ______, வி வில் நாட் ஸ்டார்ட்.’ கோடிட்ட இடத்தில் ‘கம்ஸ்’ வருமா, ‘டஸ் நாட் கம்’ வருமா, ‘வில் கம்’ வருமா, ‘டிட் நாட் கம்’ வருமா? டீச்சர் மனசுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தார். ‘அவர் வராவிட்டால் நாங்கள் கிளம்பமாட்டோம்.’ வராவிட்டால் என்றால் ‘டஸ் நாட் கம்’தானே? அடித்துவிட்டார்.

எதிரே உட்கார்ந்திருந்த இளைஞன் சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு தயங்கினான்.

“பரவாயில்லை கண்ணு, போடு” என்றார் டீச்சர்.

அவன் பெருக்கல் குறியை எவ்வளவு சின்னதாகப் போட முடியுமோ அவ்வளவு சின்னதாகப் போட்டான். இருக்காதா பின்னே? மூன்றாம் வகுப்பில் அவனுடைய நோட்டில் சிவப்புப் பேனா பிடித்தவர் அவர்.

பழனியிலிருந்து திண்டுக்கல் போகிற சாலையில் இருக்கிறது ஆயக்குடி. விடிவதற்குள் கூடை கூடையாகக் கொய்யா வந்து இறங்கும் ஊர். அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், அரசுத் தொடக்கப் பள்ளியில் அவர் ஆசிரியை. 2004-ல் வேலைக்குச் சேர்ந்தார். வயது 49. ஊரில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. காய்கறிக்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை எல்லோருக்கும் ‘டீச்சர்’தான்.

அந்த டீச்சர் திரும்பவும் மாணவியாக உட்கார்ந்ததற்குக் காரணம், 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. கல்வி உரிமைச் சட்டம் வருவதற்கு முன்பே பணியில் சேர்ந்த ஆசிரியர்களாக இருந்தாலும், ஓய்வுபெற 5 ஆண்டுகளுக்கு மேல் இருந்தால், 2 ஆண்டுகளுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும். பெறாவிட்டால் பணியை விட்டுப் போக வேண்டும். 5 ஆண்டுகளுக்குக் குறைவாக இருப்பவர்கள் தொடரலாம். ஆனால் பதவி உயர்வு வேண்டுமென்றால் அவர்களும் தேர்ச்சி பெற்றாக வேண்டும்.

டீச்சருக்கு 60 வயது ஆக இன்னும் 10 ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது. மறுஆய்வு மனு, சங்கங்களின் கோரிக்கை என்று செய்திகள் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் வீட்டுக் கடன் தவணை எதற்கும் காத்திருக்காது. மகள் கோவையில் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. “பாத்துக்கலாம் விடு” என்று கணவர் சொன்னார். அவர் இப்படிச் சொன்னால் அவருக்கும் பயமாக இருக்கிறது என்று அர்த்தம்.

செய்தித்தாளில் டீச்சரின் கண் நின்ற இடம் ஒரே ஒரு சொல். ‘பெறாவிட்டால்.’

தகுதித் தேர்வின் முதல் தாளில் 150 கேள்விகள். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என்று ஐந்து பகுதிகள், ஒவ்வொன்றிலும் 30. தமிழில் அவருக்குப் பயமில்லை. தொடக்கப் பள்ளிக் கணக்கு விரல் நுனியில். குழந்தைகளைப் பற்றிக் கேட்டால், 21 ஆண்டுகள் அவர்களோடு இருந்தவர். ஆங்கிலம்தான் இடித்தது. பாடப்புத்தகத்தில் இருப்பதைச் சொல்லிக்கொடுப்பது வேறு. நான்கு விடைகளில் மூன்று உங்களை ஏமாற்றக் காத்திருக்கும்போது சரியானதைப் பிடிப்பது வேறு.

ஆயக்குடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் இலவசப் பயிற்சி வகுப்பு, போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்குத் தெரிந்த ஒன்று. வெளியூர்களிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வருவார்கள். அங்கே போய்வந்துகொண்டிருந்த பையன்தான் இவன். ஒருநாள் பஸ்ஸில் டீச்சரின் மடியில் இருந்த மாதிரி வினாத்தாளைப் பார்த்துவிட்டான்.

“டீச்சர்... நீங்களுமா எழுதறீங்க?”

“எழுதாட்டி வேலை இல்லையாம் சாமி.”

“நான் வந்து சொல்லித் தரட்டுங்களா? எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வருமுங்க.” சொல்லிவிட்டு, அதிகப்பிரசங்கித்தனம் செய்துவிட்டோமோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம், வகுப்பு முடிந்து நேராக வந்தான். கையில் ஒரு பை கொய்யா. குரு தட்சணையை வாத்தியாரே வாங்கிவருகிற முதல் ஆள் நீதான் என்று டீச்சரின் கணவர் கிண்டல் செய்தார்.

*

‘அன்லெஸ்’ஸில் ஏன் தப்பு வந்தது என்று அவன் விளக்கினான்.

“டீச்சர், ‘அன்லெஸ்’ஸுக்குள்ளேயே ‘இல்லை’ இருக்குதுங்க. அது வந்துட்டா பின்னாடி இன்னொரு ‘நாட்’ வேண்டாம். ‘இஃப் ஹி டஸ் நாட் கம்’னு எழுதுங்க, இல்லாட்டி ‘அன்லெஸ் ஹி கம்ஸ்’னு எழுதுங்க. ரெண்டையும் கலந்தா அர்த்தம் தலைகீழாப் போயிரும். அவர் வந்தா கிளம்பமாட்டோம்னு ஆயிரும்.”

“அப்போ தமிழ்ல ‘வந்தாலொழிய’ மாதிரி?”

“அதேதானுங்க! ‘வராதாலொழிய’ன்னு யாராவது சொல்வாங்களா?”

டீச்சருக்குப் பளிச்சென்று விளங்கியது. ‘அன்லெஸ்’ என்றதும் ‘வராவிட்டால்’ என்று நினைத்ததுதான் கோளாறு. ‘வந்தாலொழிய’ என்று நினைத்திருந்தால் விரல் தானாகக் ‘கம்ஸ்’ மீது போயிருக்கும்.

தமிழில் ‘இல்லை’ என்பது வினைச்சொல்லின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறது. ‘வராவிட்டால்’ என்ற சொல்லில், ‘வர்’ருக்கும் ‘விட்டால்’ என்பதற்கும் நடுவே இருக்கும் ‘ஆ’தான் எதிர்மறை. ஒரே எழுத்து. பேச்சில் இன்னும் சுருங்கி ‘வராட்டி’ ஆகிவிடும். எல்லாம் ஒரே சொல்லுக்குள் முடிந்துவிடுவதால், நமக்கு அது கண்ணில் படுவதே இல்லை.

ஆங்கிலத்தில் அந்த ‘இல்லை’ தனியாக வெளியே நிற்கும். அதுவும் தனியாக வராது, துணைக்கு ‘டூ’, ‘டஸ்’, ‘டிட்’ என்று ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் வரும். ‘இஃப் இட் டஸ் நாட் ரெயின்.’ மழை பெய்யாவிட்டால். ‘டஸ்’ வந்துவிட்டால் ‘ரெயின்ஸ்’ என்று ‘எஸ்’ போடக் கூடாது. அந்த ‘எஸ்’ஸைத்தான் ‘டஸ்’ எடுத்துக்கொண்டுவிட்டதே. ஆனால் ‘அன்லெஸ் இட் ரெயின்ஸ்’ என்று எழுதும்போது ‘எஸ்’ திரும்பி வந்துவிடும்.

இன்னொரு இடறல், ‘வில்’. நாளைக்கு மழை பெய்யாவிட்டால் என்று சொல்வதால், நாளை என்றாலே ‘வில்’ என்று கை போகும். ‘இஃப் இட் வில் நாட் ரெயின் டுமாரோ’ என்று எழுதத் தோன்றும். வழக்கமாக நிபந்தனை இருக்கும் பாதியில் ‘வில்’ வராது, விளைவு இருக்கும் பாதியில்தான் வரும். ‘இஃப் இட் டஸ் நாட் ரெயின், வி வில் கோ.’ நம் ‘பெய்யாவிட்டால்’ என்ற சொல்லிலும் காலம் இல்லை என்பதை யோசித்தால் இது அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. நேற்று, இன்று, நாளை எதுவும் அதில் இல்லை. பக்கத்தில் இருக்கும் சொற்கள்தான் காலம் சொல்கின்றன.

‘நாட்’ எந்தப் பாதியில் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ‘நீ வராவிட்டால் நான் போவேன்’ என்பதும் ‘நீ வந்தால் நான் போகமாட்டேன்’ என்பதும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும். ஆனால் முதல் வாக்கியம், நீ வந்தால் என்ன நடக்கும் என்று சொல்லவில்லை. இரண்டாவது, நீ வராவிட்டால் என்ன நடக்கும் என்று சொல்லவில்லை. இரண்டு பாதியிலும் ‘நாட்’ வரலாம். ‘மழை பெய்யாவிட்டால் காய் பிடிக்காது.’ கணக்கில் வருகிற மாதிரி இரண்டு கழித்தல் சேர்ந்து கூட்டல் ஆகிவிடாது.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சர் இவ்வளவு தூரம் வந்துவிட்டார். 10-க்கு 4 வாங்கியவர் 10-க்கு 8 வாங்க ஆரம்பித்தார். கணவர் டீ போட்டுக் கொண்டுவந்து வைக்கும்போது மார்க்கை எட்டிப் பார்ப்பார்.

*

நடக்காத ஒன்றைக் கற்பனை செய்யும் வாக்கியங்கள் அடுத்து வந்தன. ‘இஃப் ஐ வேர் நாட் எ டீச்சர்...’ நான் ஆசிரியையாக இல்லாதிருந்தால். ‘ஐ’ பக்கத்தில் ‘வாஸ்’தானே வரும் என்ற சந்தேகத்தை அவன் தீர்த்துவைத்தான். பேச்சில் ‘வாஸ்’ஸும் வரும், ஆனால் இல்லாத ஒன்றை இருப்பதாகவும், இருப்பதை இல்லாததாகவும் பேசும்போது பரீட்சைத்தாள் ‘வேர்’ரைத்தான் எதிர்பார்க்கும்.

“மீதியை நீங்க முடிங்க டீச்சர். என்ன வேணா எழுதலாம். இலக்கணம் சரியா இருந்தாப் போதும்.”

டீச்சர் ரொம்ப நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார்: ‘ஐ வுட் ஸ்லீப் வெல்.’ நல்லாத் தூங்குவேன்.

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் டீச்சருக்கு அது முழுச் சிரிப்பாக இல்லை. தீர்ப்பு வந்த நாளிலிருந்து இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது.

அடுத்து, முடிந்துபோன காலம். நடந்துவிட்ட ஒன்றை, நடக்காமல் இருந்திருந்தால் என்று பேசுவது. நிபந்தனைப் பாதியில் ‘ஹாட் நாட்’, விளைவுப் பாதியில் ‘வுட் நாட் ஹாவ்’. டீச்சருக்கு இதுதான் நாக்கில் சிக்கியது. எடுத்துக்காட்டு ஒன்று சொல்லு என்றார்.

பையன் யோசிக்காமல் சொன்னான். “‘இஃப் மை மதர் ஹாட் நாட் சோல்ட் த கோட்ஸ், ஐ வுட் நாட் ஹாவ் ஜாயின்ட் காலேஜ்.’”

என் அம்மா ஆடுகளை விற்காமல் இருந்திருந்தால், நான் கல்லூரியில் சேர்ந்திருக்கமாட்டேன்.

“விற்றாங்களா?”

“ஆமாங்க டீச்சர். ரெண்டு கிடா, ஒரு வெள்ளாடு. மொதல் வருஷ ஃபீஸு அதுலதான் கட்டினது.” பிறகு ஏதோ நினைவு வந்தவனாகச் சிரித்தான். “எனக்கு நீங்க சொன்ன எடுத்துக்காட்டு ஒண்ணு ஞாபகம் இருக்குங்களா?”

“என்னது?”

“மூணாவதுல. ‘நீயெல்லாம் படிக்கலைன்னா ஆடுதான் மேய்ப்பே’ன்னு சொன்னீங்க. வகுப்பே சிரிச்சுது.”

டீச்சருக்கு நினைவில்லை. அந்த வகுப்பறை, அந்த வருஷம், அவன் உட்கார்ந்த இடம்கூட நினைவிருந்தது. இந்த வாக்கியம் மட்டும் இல்லை.

“நான் அப்பவே ஆடு மேய்ச்சுக்கிட்டுத்தானுங்க இருந்தேன்” என்றான் அவன், குறையாகச் சொல்கிற தொனியே இல்லாமல். “காலைல ஓட்டிட்டுப் போயிக் கட்டிப்போட்டுட்டுத்தான் பள்ளிக்கூடம் வருவேன். ஆடு மேய்க்காட்டி எங்க வீட்ல நோட்டுப் புத்தகமே கிடையாதுங்க டீச்சர்.”

“அப்படியா சொன்னேன் நான்?”

“எல்லா டீச்சரும் சொல்றதுதானுங்களே. விடுங்க. அடுத்த கேள்வி பாக்கலாம்.”

அவன் அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். ‘ஹாட் நாட்’டில் ‘இஃப்’பை எடுத்துவிட்டால் ‘ஹாட்’ முன்னால் வந்து நிற்கும் என்றான். ‘ஹாட் ஷி நாட் சோல்ட்’ என்று எழுத வேண்டும். ‘ஹாடன்ட் ஷி’ என்று சுருக்கினால் அது கேள்வி மாதிரி ஆகிவிடும், தப்பு. இந்த இடத்தில் ‘அன்லெஸ்’ உட்காராது. நடந்து முடிந்ததை மாற்றிக் கற்பனை செய்யும்போது ‘இஃப்... நாட்’தான். ஒரே சொல்லில் முடிக்க வேண்டுமென்றால் ‘விதவுட்’ போடலாம். ‘விதவுட் த கோட்ஸ்’, ஆடுகள் இல்லாவிட்டால். டீச்சர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கை எழுதியது.

*

அன்றைக்கு இரவும் இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. டீச்சர் எழுந்து பீரோ மேலிருந்த பழைய பாடக் குறிப்பேடுகளை இறக்கினார். பக்கத்திலேயே, ஆசிரியர் பயிற்சி காலத்தில் வாங்கிய ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகமும் முதுகு கிழிந்து கிடந்தது.

குறிப்பேடுகளில் தன் கையெழுத்தில் இருந்த எடுத்துக்காட்டுகளைப் படித்தார். கடினமாக உழைக்காவிட்டால் தோற்றுப்போவாய். சீக்கிரம் போகாவிட்டால் ரயிலைத் தவறவிடுவாய். சாப்பிடாவிட்டால் நோய் வரும். வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் ஆசிரியர் தண்டிப்பார். அன்றைக்குப் புரட்டிய மாதிரி வினாத்தாள்களிலும் பாதிக்கு மேல் இதே ரகம்தான். ‘இல்லாவிட்டால்’ என்று ஆரம்பித்த வாக்கியம் எல்லாம் யாரையாவது மிரட்டித்தான் முடிகிறது.

இத்தனை வருஷம் அந்த வாக்கியத்தைச் சொல்லும் பக்கம் இருந்ததால் அது தெரியவில்லை. இப்போது ‘தேர்ச்சி பெறாவிட்டால்’ என்று அதே வாக்கியம் தன் பக்கம் திரும்பியதும்தான் அதைக் கேட்கிறவருக்கு வயிற்றில் என்ன நடக்கும் என்பது தெரிகிறது. எட்டு வயசுப் பையனுக்கும் அதுதானே நடந்திருக்கும்?

அந்த மிரட்டலில் ஒரு கணக்குப் பிழையும் இருக்கிறது. ‘படிக்காவிட்டால் ஆடு மேய்ப்பாய்’ என்று சொன்னால், கேட்கிறவர் ‘படித்தால் ஆடு மேய்க்க வேண்டியதில்லை’ என்று தானாக எடுத்துக்கொள்வார். வாக்கியம் அப்படிச் சொல்லவே இல்லை. மைக்கேல் கீஸ், அர்னால்ட் ஸ்விக்கி என்ற இரண்டு அமெரிக்க மொழியியலாளர்கள் 1971-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். புல்லை வெட்டினால் ஐந்து டாலர் தருகிறேன் என்று சொன்னால், வெட்டாவிட்டால் தரமாட்டேன் என்று கேட்பவர் சேர்த்துப் புரிந்துகொள்கிறார். சொன்ன வார்த்தையில் அது இல்லை. ஆனால் அப்படிப் புரிந்துகொள்ளும்படி வாக்கியமே அழைக்கிறது என்றார்கள்.

டீச்சர் அந்தக் கட்டுரையைப் படித்தவர் இல்லை. ஆனால் அந்த விஷயம் அவர் முன்னால் வாரா வாரம் வந்து உட்கார்ந்தது. பையன் படித்தான், ஆடும் மேய்த்தான். ஆடு மேய்த்ததால் படித்தான். தோற்றவர்களுக்கான தண்டனை என்று தான் சொன்ன வேலைதான் அவனுக்கு நோட்டு வாங்கித் தந்தது, கல்லூரி ஃபீஸ் கட்டியது.

தன் விஷயத்திலும் அவர் யோசித்துப் பார்த்தார். தேர்ச்சி பெறாவிட்டால் பணி இல்லை. சரி. ஆனால் தேர்ச்சி பெறாதவர் மோசமான டீச்சர் என்று அந்த வாக்கியம் சொல்லவில்லை. தேர்ச்சி பெற்றதாலேயே நல்ல டீச்சர் ஆகிவிடுவார் என்றும் சொல்லவில்லை. அதைத் தாமாகச் சேர்த்துக்கொண்டுதான் இத்தனை நாள் கண்ணாடி முன்னால் நிற்கக் கூசிக்கொண்டிருந்தோம் என்பது அந்த இரண்டு மணிக்கு அவருக்குத் தெரிந்தது. எழுதித்தான் ஆக வேண்டும், எழுதுவார். ஆனால் அது பரீட்சை. தன்னைப் பற்றிய நற்சான்றிதழோ குற்றப்பத்திரிகையோ இல்லை.

*

தமிழ்ப் பகுதிக்காகத் திருக்குறளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரம், வான்சிறப்பு. பள்ளியில் படித்த காலத்திலிருந்து தெரிந்த அதிகாரம்தான். இந்த முறை அவர் இலக்கணக் கண்ணோடு படித்தார்.

பத்துக் குறளில் பெரும்பாலானவை ‘இல்லாவிட்டால்’ வாக்கியங்கள்! மழை பொய்த்தால் கடல் சூழ்ந்த உலகத்திலும் பசி வந்து வாட்டும். மழை வளம் குறைந்தால் உழவர் ஏர் பிடிக்கமாட்டார். வானம் வறண்டால் தேவர்களுக்குத் திருவிழாவும் நடக்காது, அன்றாடப் பூசையும் நடக்காது. தானமும் தவமும் நிலைக்காது. ஒரு குறளில், மழைத்துளி விழுந்தாலொழியப் பசும்புல்லின் தலையைக்கூடப் பார்க்க முடியாது என்று வருகிறது. அதில் இருக்கும் ‘அல்லால்’ என்ற சொல்தான் அச்சு அசல் ‘அன்லெஸ்’. இந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான்கு வாரம் கஷ்டப்பட்டோமா என்று டீச்சருக்குச் சிரிப்பு வந்தது.

வள்ளுவர் அங்கே யாரையும் மிரட்டவில்லை. நாம் எதன் மேல் நின்றுகொண்டிருக்கிறோம் என்று காட்டுகிறார். அதை எடுத்துவிட்டு யோசித்துப் பார் என்கிறார். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் சாலை நிறையக் காவடி வருகிற பழனியில் இருப்பவருக்கு, மழை இல்லாவிட்டால் திருவிழா இல்லை என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. சண்முகநதியில் தண்ணீர் ஓடும் வருஷமும் ஓடாத வருஷமும் எப்படி இருக்கும் என்பது பக்தர்களுக்கும் தெரியும், கொய்யாத் தோப்புக்காரர்களுக்கும் தெரியும்.

‘இல்லாவிட்டால்’ என்று ஆரம்பித்தால் கெட்டதில்தான் முடிய வேண்டும் என்பதும் இல்லை. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பழனி பஞ்சாமிர்தத்தையே எடுத்துக்கொள்ளலாம். மலை வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் எல்லாம் சேரும். தண்ணீர் மட்டும் ஒரு சொட்டும் சேராது. தண்ணீர் சேர்க்காவிட்டால் சீக்கிரம் கெடாது. ‘இஃப் யூ டோன்ட் ஆட் வாட்டர், இட் வில் நாட் ஸ்பாயில் சூன்.’ இரண்டு பாதியிலும் ‘நாட்’, முடிவு இனிப்பு. இதை அவர் தன் நோட்டில் எழுதி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாத்தியாரிடம் காட்டினார்.

“சூப்பருங்க டீச்சர்! எந்தப் புத்தகத்துல இருந்துச்சு?”

“நானே எழுதினது.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “இன்னொண்ணும் எழுதியிருக்கேன், பாரு” என்று நோட்டைத் திருப்பினார்.

‘இஃப் ஐ ஹாட் நாட் செட் தட், இட் வுட் ஹாவ் பீன் பெட்டர்.’ நான் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பையன் படித்தான். முதலில் இலக்கணத்தைப் பார்த்தான், சரியாக இருந்தது. பிறகுதான் எதைப் பற்றி என்பது புரிந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல் சிவப்புப் பேனாவைத் திறந்து மூடினான்.

“சரியா இருக்கா கண்ணு?”

“சரியா இருக்குங்க டீச்சர்” என்று ‘டிக்’ போட்டான். இந்த முறை பெரிதாக.

*

தேர்வு இன்னும் முன்னால் இருக்கிறது. முடிவு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு தொடர்கிறது. இரவு இரண்டு மணி விழிப்பு முழுதாகப் போய்விடவில்லை. சில நாள் நாலு மணி வரை தள்ளிப்போகிறது. அதுவே லாபம் என்கிறார் டீச்சர்.

திங்கட்கிழமை பள்ளியில் வழக்கம்போல நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். ஒரு சிறுமி வீட்டுப்பாடம் எழுதவில்லை. மேசைக்கு முன்னால் வந்து, தலையைக் குனிந்துகொண்டு, வரப்போவது என்ன என்று தெரிந்தவளாக நின்றாள். வகுப்பு அமைதியானது. டீச்சரின் வாயும் பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டது.

“நீ எழுதலைன்னா...”

பாதியில் நின்றார். நிபந்தனைப் பாதி முடிந்துவிட்டது. விளைவுப் பாதிதான் பாக்கி. சிறுமி ஓரக்கண்ணால் நிமிர்ந்து பார்த்தாள்.

“...உனக்கு எது புரியலைன்னு எனக்குத் தெரியாமப் போயிரும் சாமி. நோட்டை எடுத்துட்டு வா, இங்க பக்கத்துல உக்காரு.”

சிறுமி நம்பாமல் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு நோட்டை எடுக்க ஓடினாள்.